பதினேழாம் இலக்கம்

என் மாமியார் வீட்டுச் சுவரில் முருகன், பிள்ளையார், லட்சுமி என்று மூன்று சாமிப் படங்கள் மாட்டியிருந்தன. நான்காவதாக ஒரு துறைமுக ஊர் மாட்டியிருந்தது. கல்யாணம் முடிந்து உக்குவளையிலிருந்து நான் அந்த வீட்டுக்கு வந்த அன்று, மூன்று சாமிகளையும் கும்பிட வைத்த பிறகு அத்தை என்னை அந்த நான்காவது படத்தின் முன்னால் நிறுத்தினார். குங்குமச் சிமிழைத் திறந்து நீட்டினார்.

"வை புள்ள. இதுதான் நம்ம வீடு. கடலப் பாத்த மாடி வீடு."

வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்து வைத்து, எண்ணெயும் தூசியும் சேர்ந்து, அந்த இடத்தில் குங்குமம் கண்ணாடிமேல் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடித்துப்போயிருந்தது. அதற்கு அடியில் வீடு இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பத்தொன்பது வயதில் கடலைப் பார்த்த மாடி வீட்டுக்கு மருமகளாகிவிட்டேன் என்ற நினைப்பே போதுமாக இருந்தது. மறுவீடு போனபோது என் தங்கைகள் இரண்டு பேரிடமும் மாடியில் எத்தனை ஜன்னல் என்றுகூடச் சொன்னேன். எண்ணாமலே சொன்னேன்.

அந்தப் படத்தைப் பற்றி விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தைத் தின்றது அதுதான். உயரத்தில் வட்டமிடும் பருந்துக்கு ஒரு ஊர் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்திருந்தார்கள். முன்னால் கடல், அதில் நான்கு பாய்மரக் கப்பல்கள், கரைக்கு வரும் தோணிகள். கல்லால் கட்டிய இறங்குதுறை, சுங்கக் கட்டடம், கொடிமரம், கிடங்குகள், மூன்றே மூன்று தெருக்கள், தெருக்கோடியில் ஒரு கோயில் கோபுரம். அதற்கப்பால் பனைமரங்கள் சின்னச் சின்னதாகி வானத்தோடு சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு கூரையும் தனித்தனியாகத் தெரியும். கூரைகளின்மேல் எறும்பு அளவில் இலக்கங்கள். படத்தின் அடியில் எந்த இலக்கம் எந்தக் கட்டடம் என்று இங்கிலீசில் பட்டியல். எந்த வெள்ளைக்காரன் வரைந்தான், எந்தக் காலத்தில் வரைந்தான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. தாள் பழுத்து, தேயிலைச் சாயம் ஏறிய துணியின் நிறத்தில் இருந்தது.

இலங்கையில் பல்லேபொலப் பக்கத்தில் கொக்கோவும் ரப்பரும் போட்ட ஒரு தோட்டம் அது. மாமா பங்களாவில் அப்பு. துரைக்குச் சமைப்பதும் மேசையில் பரிமாறுவதும் அவர் வேலை. அதனால் நாங்கள் கூலி ஆட்களின் லயத்து வரிசை வீடுகளில் இல்லாமல் பங்களாக் குசினிக்குப் பின்னால் இரண்டு காம்பராவில் குடியிருந்தோம். அதில் அத்தைக்குத் தனிப் பெருமை. படம் முன்பு வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு அறையில் தொங்கியது. மாமா அதை வருஷக்கணக்காகத் தூசி தட்டியிருக்கிறார். சுதந்திரம் வந்த கையோடு துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, உனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாராம். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் கைக்கடிகாரம் கேட்டார். டிரைவர் கோட்டுக் கேட்டார். மாமா படத்தைக் கேட்டார். என் அப்பா கப்பலேறிய ஊர் இது என்றாராம். துரை சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தோட்டக் கூலிக்கு வந்த எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் அக்கரையில், இந்தியாவில், ஒரு வீடு இருக்கும். லயத்து ஒற்றைக் காம்பராவில் பத்துப் பேர் கால் நீட்ட இடமில்லாமல் படுத்தாலும், ஊரில் கிணறு இருக்கிறது, நாலு தென்னை இருக்கிறது, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்பார்கள். பெண் கேட்டு வருகிறவனிடம் பெண்ணின் தகப்பன் முதலில் கேட்பது அதைத்தான். பிறந்ததிலிருந்து அக்கரையைக் கண்ணால் பார்க்காதவன்கூடச் சட்டென்று பதில் சொல்வான். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. நாலு பேர் முன்னால் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதைப்போல அது ஒரு மரியாதை.

இந்த மரியாதைதான் அந்த வருஷங்களில் எங்களுக்கு எமனாக வந்தது. சுதந்திரம் வந்த வேகத்தில் எங்களுக்கு ஓட்டும் போச்சு, நாடும் போச்சு. பிறகு, இலங்கைப் பிரஜையாகப் பதிந்துகொள்ள விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இங்கேயே இருந்தேன், அக்கரையில் எனக்கு ஒன்றுமில்லை, செத்தாலும் இந்த மண்ணில்தான் என்று காகிதத்தால் காட்ட வேண்டும். மாமா ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார். என் வீட்டுக்காரர் தனியாக ஒன்று போட்டிருந்தார். அவர் அப்போது தோட்டத்து லொறியில் கிளீனர். பேப்பர் கிடைத்தால் லைசன் எடுத்துத் தானே லொறி ஓட்டுவேன் என்று தினமும் ஒருமுறையாவது சொல்லுவார். பேப்பர் கிடைத்தால் பிறக்கிற பிள்ளைகளுக்கும் நாடு உண்டு. கிடைக்காவிட்டால் ஒருத்தருக்கும் இல்லை. எனக்கு அப்போது இரண்டு மாதம்.

விசாரணைக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பார்ப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு அவர் வந்த நேரம் மாமா பங்களாவில் இருந்தார், வீட்டுக்காரர் லொறியோடு தம்புள்ளைப் பக்கம் போயிருந்தார், அத்தை பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான். வந்தவர் வயதான சிங்கள ஐயா, நல்ல மனுஷர். குடையை மடித்து வெளியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் பள்ளிக்கூடத்துக் கடிதத்தையும் தோட்டத்துக் கடிதத்தையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார். எழுந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். குங்குமம் வைத்த படம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு; உக்குவளைக் கடைவீதியில் வளர்ந்தவள். "அப்பே கெதர," என்றேன். எங்கள் வீடு.

எங்கே இருக்கிறது என்றார். இந்தியாவில், கடல் ஓரத்தில், மாடி வீடு என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காமலே, சொந்தக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வேறு சேர்த்தேன். எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறேன். பாவம், அந்த ஐயா இன்னொரு தரம் கேட்டார்: சொந்த வீடா? ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து இரண்டு வரி எழுதினார். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் எல்லோரும் வந்ததும், அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"இத யாரும்மா ஒன்னச் சொல்லச் சொன்னா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அப்போதுதான் நான் செய்தது உறைக்க ஆரம்பித்தது. சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து விசாரணைக் கடிதம் வந்தது. இங்கிலீசுக் கடிதத்தைக் கிளாக்கர் வாசித்துச் சொன்னார்: இந்தியாவில் உள்ள வீடு பற்றி விளக்கம் தர வேண்டும், மாமா, அத்தை, நான் மூன்று பேரும் வர வேண்டும், அந்தப் படத்தையும் கொண்டுவர வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அத்தை கடைக்குப் போன சமயம் மாமா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். கரண்டிகளைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"தாயி, ஒனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியுந்தானே?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேன் மாமா."

"படத்துக்கு அடியில பதினேழுக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு வா. பதினெட்டையும் பாத்துக்க."

போய்ப் பார்த்தேன். பதினெட்டு எளிதாக இருந்தது: வியாபாரிகளின் வீடுகள். பதினேழை மூன்று தரம் எழுத்துக் கூட்டினேன். கூலிகள் தங்கும் கொட்டகை என்று எழுதியிருந்தது. திரும்பி வந்து சொன்னேன்.

"ஆமா. துரை எனக்கு எப்பவோ வாசிச்சுக் காட்டிட்டாரு," என்றார். "அந்தக் கொட்டகையிலதான் எங்கம்மா செத்தாங்க. கப்பலுக்குக் காத்துக்கிட்டிருந்த எடத்துல காய்ச்சல். நான் அப்ப பால்குடி. எங்கப்பா அங்கேயே பொதச்சுட்டு, என்னையத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாரு. எனக்கு அந்த ஊர்ல அது ஒண்ணுதான் இருக்கு."

அடுப்பில் பால் பொங்கியது. அதை இறக்கி வைத்தேன்.

மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொன்னார். அத்தையின் தகப்பனார் கங்காணி. மாமா அங்கே பெண் கேட்டுப் போனபோது, ஊரில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். துறைமுகத்துப் பக்கம் வீடு இருக்கிறது என்று மாமாவின் வாயில் வந்துவிட்டது. கங்காணி வீட்டுப் பெண் பங்களா அப்புவுக்கு வாழ்க்கைப்பட்டது அந்த ஒரு வார்த்தையில். பல வருஷத்துக்குப் பிறகு படம் வீட்டுக்கு வந்ததும் மாமா தன் அம்மாவுக்காகக் கொட்டகையின்மேல் ஒரு பொட்டு வைத்தார். என்ன என்று அத்தை கேட்க, அதுதான் வீடு என்று சொல்லிவிட்டார். கொட்டகை எங்கே வீட்டைப்போல இருக்கும்? அத்தை பக்கத்திலிருந்த மாடி வீட்டைப் பார்த்து, அதன்மேல் பொட்டு வைத்துக் கும்பிட்டார். இரண்டு பொட்டும் வாரா வாரம் பெருத்து ஒன்றாகிவிட்டன.

"அவகிட்ட இத்தன வருஷமா சொல்ல முடியல. இனிமேயும் முடியாது," என்றார். "ஆபீசர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். நான் பயத்துல சொல்றேன்னு அவரு நெனைக்கலாம். நீ வாசிக்கத் தெரிஞ்சவ, சிங்களம் பேசுவ. கொட்டகதான்னு நீயும் ஒரு வார்த்த சொல்லணும் தாயி. சொல்லுவியா?"

"சொல்றேன் மாமா," என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் வாயால் கெட்டதை என் வாயாலேயே சரி செய்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு தின்றேன்.

விசாரணை மாத்தளை டவுனில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. படத்தைப் போர்வையில் சுற்றி மாமா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தை கல்யாணச் சேலை கட்டியிருந்தார். மாடிப் படியிலும் தாழ்வாரத்து இஸ்தோப்பிலும் எங்கள் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் காகிதக் கட்டு. உள்ளே போய்விட்டு வருகிறவர்களின் முகத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரைக் கடிதத்தில் கூப்பிடவில்லை என்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் உள்ளே போனோம்.

ஆபீசர் நடுத்தர வயதுச் சிங்களவர். பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். ஆபீசர் ஃபைலைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கு முன்பே புரிந்துவிட்டது. இந்த வீட்டு விஷயத்தைத் தவிர உங்கள் பேப்பர்களில் ஒரு குறையும் இல்லை என்றார். அவர் கொடுக்கத்தான் நினைத்தார். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

மாமா எழுந்து நின்றார். அத்தையின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா, அது வீடு இல்லீங்க. கூலி ஆளுங்க தங்குற கொட்டக. எங்கம்மா அதுலதான் செத்தாங்க. அந்த ஞாபகத்துக்குத்தான் பொட்டு வைக்கிறேன். எனக்கு அக்கரையில ஒரு பிடி மண்ணு கெடையாதுங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கும்வரை நான் அத்தையின் பக்கம் பார்க்கவில்லை. ஆபீசர் பியூனைக் கூப்பிட்டார். பியூன் ஈரத்துணியைக் கொண்டுவந்து கண்ணாடியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பெண்பிள்ளையின் முன்னால் குங்குமத்தை அழிக்கிறோம் என்ற எண்ணம் அந்த அறையில் இருந்த ஆண்கள் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போகப் போக அடியில் ஒரு நீளமான ஓலைக் கூரையும், அதை ஒட்டி மாடி வைத்த ஒரு வீடும் வெளியே வந்தன. ஆபீசர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அடியிலிருந்த பட்டியலையும் வாசித்தார்.

"பதினேழு எண்டால் கூலியள் தங்கிற கொட்டில், பதினெட்டு எண்டால் வீடு," என்றார் மொழிபெயர்ப்பாளர். "நீங்கள் பொட்டு வைச்சது எதுக்கு எண்டு ஐயா கேக்கிறார்."

"பதினேழுங்க," என்றார் மாமா.

ஆபீசர் பேனாவை எடுத்தார். எழுதியிருப்பார். ஆனால் அதற்குள் அத்தை எழுந்து மேசைக்குக் கிட்டே போய்விட்டார். ஈரம் காயாத கண்ணாடியில் மாடி வீட்டின்மேல் விரலை வைத்தார்.

"இதுங்க. இந்த மாடி வீடு. இது எங்க வீடு. இவரு பயந்துபோயி ஒளறுறாரு. எங்கப்பா கொட்டகைக்கா பொண்ணக் குடுத்தாரு?"

மாமா, "ஏய், பேசாம இரு," என்றார்.

ஆபீசருக்கு எரிச்சல் வந்தது. புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்சாதி ஒன்று சொல்கிறாள். இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் என் பேரும் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரைக் கையால் நிறுத்திவிட்டு நேரே சிங்களத்தில் கேட்டார். "துவ, ஒயா கியன்ன." மகளே, நீ சொல். நீயும்தானே பொட்டு வைக்கிறாய், எதற்கு வைக்கிறாய்?

மாமா என்னைப் பார்த்தார். அத்தையும் பார்த்தார்.

அந்த நிமிஷத்தை எத்தனையோ தரம் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். மாமியாரின் பேச்சை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசுகிற மருமகளை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. அதிலும் ஆபீசில், அந்நிய ஆண்கள் முன்னால். அத்தையின் விரல் இன்னும் கண்ணாடிமேல் இருந்தது. இது ஒரு காரணம். ஆனால் இதை மட்டும் சொன்னால் நான் என்னை நல்லவளாக்கிக்கொண்டதாகிவிடும். என் தங்கைகளின் முகம் எனக்குத் தெரிந்தது. கூலிக் கொட்டகைக்கு மருமகளாகப் போனவள் என்று உக்குவளைக் கடைவீதியில் பேசுவார்களே என்று நினைத்தேன். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதை நினைத்தேன். ஆபீசர் நல்லவராக இருக்கிறார், மாமா சொன்னதை ஏற்கெனவே நம்பிவிட்டார், என் ஒரு சொல்லால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன்.

"தஹ அட்ட," என்றேன். பதினெட்டு.

ஆபீசர் பெருமூச்சு விட்டார். எழுதினார். படத்தை ஃபைலோடு வைத்துக்கொண்டார்கள். மாமா போர்வையை மட்டும் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வா தாயி, பஸ் போயிரும்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே நின்ற என் வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். அத்தைதான் சொன்னார்: "மாடி வீடுதான்னு நான் சொல்லிட்டேன்." நான் என்ற அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார். என் பேரைச் சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் பேசாமல் வந்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை பிறந்து தலை நின்ற பிறகு பதில் வந்தது. இந்தியாவில் வீடுள்ளவர்கள், இங்கே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் உடையவர்கள் என்று கொள்ள முடியாது. ஒரே விஷயம் என்பதால் இரண்டு விண்ணப்பங்களும் ஒரே உறையில் தள்ளுபடியாகி வந்தன. மேல்முறையீடு செய்யலாம் என்றார் கிளாக்கர். கொழும்புவரை போய் வழக்காட எங்களால் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் கடிதத்தைத் தரையில் போட்டுவிட்டு அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"ஒங்க பெருமைக்கு எங்க எல்லாரையும் கொன்னுட்டீங்களேம்மா!"

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். லைசன் இல்லை, ஓட்டு இல்லை, ஒரு ஃபாரம் நிரப்பப் போனால் எந்த நாடு என்ற கேள்விக்கு எழுத ஒன்றுமில்லை. மாமா ஆறு வருஷம் இருந்தார். கடைசிவரை என்னைத் தாயி என்றுதான் கூப்பிட்டார். அன்றைக்கு நடந்ததை மகனிடம் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவர் போன பிறகு பங்களாவிலிருந்து எங்களைக் கிளப்பிவிட்டார்கள். லயத்தில் ஒரு காம்பராவுக்கு வந்தோம். மகன் படிப்பில் கெட்டிக்காரன். பத்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்ட இடமெல்லாம், பிரஜையா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு பஞ்சம் வந்தது. அரிசி கண்ணில் படாமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றோம். என் வீட்டுக்காரர் தம்புள்ளைப் பக்கம் காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் மிளகாய் ஆயப் போய், வேலை இல்லை என்று நடந்தே திரும்பி வந்தார். அவர் கால் வீங்கியிருந்ததைப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது.

இத்தனைக்கும் அவர் பழி சொன்னது அத்தையைத்தான். சாப்பாடு இல்லாவிட்டால் அத்தை, மகனுக்கு வேலை இல்லாவிட்டால் அத்தை. நானும் விடவில்லை. எனக்கு வாய் நீளம் என்று முன்பே சொன்னேனே. மாடி வீட்டுக்காரிக்கு மரவள்ளி இறங்குமா என்று தட்டை வைத்துக்கொண்டே கேட்பேன். கேட்கக் கேட்க, நான் அன்றைக்கு அந்த அறையில் வாயே திறக்கவில்லை என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அத்தை ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை.

வேறு வழியில்லாமல் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். கிடைத்துவிட்டது. போக மனமில்லாதவர்களுக்கு அது எவ்வளவு சுருக்காகக் கிடைத்தது! மகன் பிறந்த ஆஸ்பத்திரி, மாமாவைப் புதைத்த மேடு, எல்லாம் இங்கே. போகிற இடத்தில் ஒருத்தரைத் தெரியாது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் நானும் அத்தையும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் பெட்டிக்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஆத்திரத்தில் நான் ஒரு அண்டாவை ஓங்கி வைத்தேன்.

"சந்தோஷந்தானே அத்த? ஒங்க மாடி வீட்டுக்குத்தானே போறோம்," என்றேன்.

அத்தை சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினார்.

"வீடு இல்லேன்னு எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும் புள்ள," என்றார். "ஊருக்குப் போயிட்டு வந்த ஆளுங்ககிட்ட எங்கப்பா விசாரிச்சுட்டாரு. அந்த மனுசன் என்னையக் கட்டிக்கணும்னு சொன்ன பொய்யி. அதத் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அன்னிக்கு அத்தன பேர் முன்னால கொட்டகன்னு அவரே தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கயில என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. எந்திரிச்சுட்டேன்."

அத்தை ஊசியைச் சாக்கில் குத்திவைத்தார்.

"நான் படிக்காதவ, வயசானவ, வீறாப்புல பேசுறேன்னு அந்த ஐயா தள்ளிவிட்டுருவாரு. நீ படிச்ச புள்ள. இங்கிலீசு வாசிப்ப. ஒன்னையக் கேப்பாங்க, நீ உண்மையச் சொல்லிருவேன்னுதான் இருந்தேன்." என்னை நேராகப் பார்த்தார். "நீ ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?"

அதட்டவில்லை. பழி தீர்க்கிற குரலும் இல்லை. இத்தனை வருஷம் கேட்க நினைத்து, போகிற நேரத்திலாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் சாக்கின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் காலைப் பிடிக்கப் போனேன், விடவில்லை.

கயிறோடு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்னம்மா, இவ ஏன் அழுறா?"

"ஒண்ணுமில்லப்பா. பொறந்த மண்ண விட்டுப் போறோமேன்னு அழுறா," என்றார் அத்தை.

"எல்லாம் ஒங்களாலதான்," என்றார் அவர். எப்போதும் சொல்வதுதான். பெட்டியைக் குப்புறப் போட்டுக் கயிறு கட்ட ஆரம்பித்தார். அத்தை ஊசியை எடுத்து மறுபடியும் சாக்கைத் தைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.